ஆறரை அங்குல ரிம்

எலியாவா சந்தையில்
முன்பம்பர் இல்லாத கார்கள்
பல் விழுந்த வாயோடு வரிசை கட்டி நிற்கின்றன.
என்னுடையதற்குப் பம்பர் உண்டு.
முள்தான் பொய் சொல்கிறது.

கோச்சாவிடம் வாங்கிய கார்.
குழிச் சாலைக்கு உயரம் வேண்டுமென்று
கம்பெனி ரிம்மிலேயே 215/60 மாட்டி
ஓட்டியிருக்கிறான் மனிதன்.
முள் தொண்ணூற்றைந்து காட்டினால்
சக்கரம் நூறில் பறக்கிறது.
கொஜோரி ஏற்றத்தில் கேமரா என்னைப் பிடித்த இரவு
காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கண்டுபிடித்தேன்:
நூற்றுக்கு ஐந்து.
அவன் ஓட்டியதாக மீட்டர் சொல்வது எண்பதாயிரம்.
எழுதப்படாத இன்னொரு நாலாயிரம்
யார் கணக்கில்?

"பதினெட்டு இஞ்சு போடு, கத்தூனா.
செருப்பில்லாம கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்குது உன் வண்டி"
என்கிறான் ஜாஜா,
டயர்க் குவியலுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி.
அவன் கையில் ஒரு கறுப்பு ரிம்.
கண்ணைப் பறிக்கிறது.
விலை மற்றதையும் பறிக்கும்.

வேண்டாம், இருக்கிற ரிம் போதும்.
வெள்ளி நிறம், அகலம் ஆறரை அங்குலம்,
நடைபாதைக் கல்லில் உரசிய ஒரு தழும்பு
(அது என் கைங்கரியம்).
இதற்கு ஏற்ற ரப்பரைக் கொடு.
மலையில் பிடிக்க வேண்டும்,
மழையில் கைவிடக் கூடாது.

முதலில் உருண்டு வந்தது 235.
"ஏத்தினா ஏறும்" என்றான்.
பண்டிகை முடிந்து போட்டுப் பார்த்த கால்சட்டையும்
ஏறத்தான் செய்யும்.
பக்கச்சுவர் பிதுங்கும்;
முழுக்க ஒடித்துத் திருப்பும்போதெல்லாம்
உள்வளைவில் தோல் உரியும்.

அடுத்தது 225/50.
இதில்தான் மனம் வழுக்கியது.
கம்பெனி சொன்ன 205/55-க்கும் இதற்கும்
மொத்த உயரத்தில் அரை மில்லிமீட்டர்தான் பேதம்.
ஆறரையில் உட்காரும். முள் ஏமாற்றாது.
அகலமான முகம், ஆழமான காடிகள்.
"புத்தம் புதுசு. ஜெர்மனிக்காரன் ஒரு கோடைகூட ஓட்டல."

மண்டியிட்டேன்.
பக்கவாட்டு நீள்வட்டத்தில் கட்டைவிரலால் தூசி துடைத்தேன்.
2319.
இரண்டாயிரத்துப் பத்தொன்பது, இருபத்து மூன்றாம் வாரம்.

அந்த வாரம் நான் பத்தூமியில் இருந்தேன்,
விரலில் மோதிரத்தோடு.
நாள் முழுக்கத் தூறல்.
ஒரு குடையை யார் மறந்தது என்று தொடங்கிய பேச்சு
ஊர் திரும்பிய பிறகும் ஓயவில்லை.
அந்நேரம் எங்கோ ஒரு அச்சிலிருந்து
சூடாக வெளியே வந்திருக்கிறது இது.
பிறகு இருட்டில், அடுக்கில்,
ஒரு மீட்டர்கூட உருளாமல் இருந்திருக்கிறது.

நகத்தால் அழுத்தினேன்.
தடம் விழவில்லை.
ஓடாமலே இறுகிப் போகும் ரப்பர்;
ஜாஜாவுக்கும் தெரியும்,
வானத்தைப் பார்த்தான்.

கடைசியில் 205/55.
மென்மையான கோடை ரப்பர், போன ஆண்டு வார்த்தது.
மூன்று ஒரே வாரத்துப் பிள்ளைகள்,
நாலாவது இரண்டு வாரம் மூத்தது.
அதற்காக நாற்பது லாரி பேரம் பேசி
இருபது குறைத்தேன்.
"ஒரே வாரத்து ஜோடி பின்னாடி வரட்டும்" என்றார் வாஷா,
எழுந்து வந்து, சிகரெட்டைக் காதில் செருகிக்கொண்டு.
ஏன் என்று கேட்டேன்.
"என் திருப்திக்கு."

காற்று இரண்டே கால்.
ஈயத்துண்டுகள் ஒட்டி, சுழற்றி, மறுபடி ஒட்டி,
போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக இறுக்கினார்.
"முதல் நூறு கிலோமீட்டர் நிதானமாப் போ.
மேல்பூச்சு தேயணும். அதுவரைக்கும் சோப்பு மாதிரி."

நிதானமாகத்தான் போனேன்.
கொஜோரி வளைவுகளில்
என்னை முந்திய லாரிக்காரன்
ஏதோ சொல்லிவிட்டுப் போனான்.
கேமரா கம்பத்தைத் தாண்டும்போது முள் நாற்பது,
நானும் நாற்பது.

சந்தையிலிருந்து வீடு எப்போதும் பதினேழு கிலோமீட்டர்.
இன்று பதினெட்டை நெருங்கி நின்றது.
எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம்
அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
முன்பெட்டியில் அபராதச் சீட்டு,
இன்னும் கட்டவில்லை.