எட்டுக் கிலோ

மின்விசிறி மூன்றில் சுழல்கிறது.
இரவு பத்து, ஈசூன், முப்பது டிகிரி.
பாயில் பரப்பிய துணிகளுக்கு நடுவே
இறகு ஜாக்கெட்டின் பல்லைக் கழுத்துவரை இழுத்து
கண்ணாடி முன் நிற்கிறேன்.
முதுகுத்தண்டில் ஒரு துளி
அவசரமின்றி இறங்குகிறது.

செப்டம்பர் கடைசி. ஜப்பான்.
மூவாயிரம் மீட்டருக்குச் சற்றே கீழே ஒரு கூடாரம்.
பகலில் பதினாறு, விடியலில்
இரண்டோ சுழியமோ என்கிறார்கள்.
இரண்டுக்கும் சுழியத்துக்கும் எத்தனை சட்டை?
எனக்குத் தெரிந்தது
எம்ஆர்டிப் பெட்டியின் குளிர்,
நூலக மூன்றாம் மாடியின் குளிர்.
உயர்நிலை இரண்டில்
பெரும்பொழுது ஆறையும் ஒப்பித்தேன்.
கார், கூதிர், முன்பனி...
ஐந்து மதிப்பெண்.
கூதிரில் என்ன உடுத்துவது என்று
வினாத்தாளில் இல்லை.

மாவு நிறுக்கும் தராசில் ஒவ்வொன்றாய் வைக்கிறேன்.
மெரினோ உள்சட்டை நூற்று அறுபது கிராம்,
ரசீதைக் கிழித்துவிட்டேன்.
மழைச்சட்டை முந்நூற்றுப் பத்து.
ஜாக்கெட், காத்திப் வாசலில் கைமாறியது:
"ஒரே தடவை, கொரியாவுக்கு" என்றார் விற்றவர்.
அமுக்கினால் சின்னப் பப்பாளி,
விட்டால் மூச்சிழுத்து எழுந்துகொள்கிறது.
தேசிய தின ஓட்டத்தில் தந்த
சிவப்புப் பருத்திச் சட்டை
உள்ளே போகிறது, வெளியே வருகிறது,
உள்ளே போகிறது.

ஒன்பதாவது மாடி நிசா
வேலை முடிந்து வந்து பார்த்தாள்.
செனோக்கோ உறைகிடங்கில் எட்டு வருடம்.
பாயின் ஓரம் உட்கார்ந்தாள்,
ஜீன்ஸை எடுத்து நாற்காலிமேல் போட்டாள்.
கம்பளிச் சட்டை இரண்டில் ஒன்றை. அப்புறம் சிவப்பை.
"குளிர் வெளியிலிருந்து வராது,
உன் வேர்வையிலிருந்து வரும்.
கிளம்பும்போது கொஞ்சம் நடுங்கணும்.
வேர்க்குமுன்னே கழட்டு,
நின்னவுடனே போடு.
நடுங்கினப்புறம் தேடாதே."

சனிக்கிழமை மேற்பார்வையாளர் லிம்
பதினைந்து நிமிடம் தந்தார்.
சுழியத்துக்குக் கீழே இருபது.
இறால் பெட்டிகளுக்கும் பிரேசில் கோழிக்கும் இடையே
என் மலை முழுவதையும் உடுத்தி நின்றேன்.
முதல் மூன்று நிமிடம், இதுவா, என்றிருந்தது.
பிறகு அது வழி கண்டுபிடித்தது:
கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே ஒரு விரற்கடை,
குனிந்தால் இடுப்பின் பின்பக்கம்,
மூக்கின் உள்மயிர்.
நிசா தூக்குவண்டியில் கடந்துபோனாள்,
கொட்டாவி விட்டபடி.

வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடி வெளுத்தது.
சாலை, லாரி, லிம், ஒன்றும் தெரியவில்லை.
முப்பத்தொரு டிகிரி
ஈரத் துண்டாய் முகத்தில் விழுந்தது.
கழட்டக் கழட்ட
உள்ளே இன்னொன்று இருந்தது.

மாலை அவள் உள்கையுறை கொண்டுவந்தாள்.
கறுப்பு, மெல்லியது.
வலது ஆள்காட்டி விரலில் ஓட்டை;
பெட்டிகளை ஸ்கேன் செய்யும் விரல்.
"துவைக்காமத் திருப்பிக் கொடு" என்றாள்.
ஏன் என்றேன்.
"எங்க குளிருக்கு அட்டைப்பெட்டி வாசம்.
அந்தக் குளிர் எப்படி இருக்குன்னு பார்க்கணும்."
கடவுச்சீட்டு இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தேன்.
லிப்ட் வந்துவிட்டது.

பையைத் தோளிலிட்டு
பன்னிரண்டு மாடி ஏறி இறங்கினேன்.
ஏழாவதில் மெரினோவும் நனைந்தது.
எட்டுக் கிலோ தாண்டக்கூடாது என்று
தாளில் எழுதி ஒட்டியிருந்தேன்.
தராசில் கையுறை இருபத்தெட்டு கிராம்.
தாண்டிவிட்டது.
பல் துலக்கியின் பிடியை முறித்தேன், போதவில்லை.
தாளைக் கிழித்தேன்.

சிவப்புச் சட்டை
விமானத்துக்கு.