எண்பத்து நான்கு

அந்த வீட்டில் ஒரு சுவரும் நேராக இல்லை.
மூன்று மீட்டருக்கு முப்பத்தெட்டு மில்லிமீட்டர் சாய்வு.
ரசமட்டத்தின் குமிழி
பயந்த கோழிக்குஞ்சாய் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டது.
முந்நூறு வருடம் நின்ற கல்லைக் குறை சொல்ல நான் யார்?
மரத்தைத்தான் கல்லின் வளைவுக்குச் சீவ வேண்டும்.
எங்கள் தொழிலில் பாதி அது.
மீதிப் பாதி, பணம் வரக் காத்திருப்பது.

மார்ச். ட்வீட் ஆற்றங்கரையில் இன்னும் பனித்திட்டுகள்.
பதினேழு அறைகள், ஆயிரத்திருநூறு ஆடுகள்,
உள்ளே நுழைந்ததும் ஈர நாயின் வாடை.
எஃபி சமையலறை நடுவே நின்றாள்,
முட்டிவரை சேறு அப்பிய ரப்பர் பூட்ஸோடு.
கழற்றச் சொன்னேன்.
வெறும் காலுறையில் நின்று முழங்கையை மடக்கினாள்.
தரையிலிருந்து தொண்ணூற்று நான்கு.
பத்தைக் கழித்தால் மேடைக்கு எண்பத்து நான்கு.

"எல்லா வீட்டிலும் தொண்ணூறுதானே?" என்றான் நினியன்,
நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து வந்தபடி.
ஆறடி நான்கங்குலம்.
"எல்லா வீட்டிலும் நானா மாவு பிசையப்போகிறேன்?" என்றாள்.

விதைப் பொட்டலங்களுக்கு ஆழமில்லாத இழுப்பறை ஒன்பது.
தாயில்லாத குட்டிகளின் பால்புட்டிகளுக்கு ஒரு தட்டு.
அடுப்போரம் கிழநாய் படுக்க ஒரு பொந்து.
என் நோட்டைப் பிடுங்கி அவளே வரைந்தாள்.
எந்த இழுப்பறையில் என்ன விதை என்றுகூட எழுதினாள்:
இடமிருந்து இரண்டாவது, அவரை.

அவர்கள் தோட்டத்திலேயே புயலில் சாய்ந்த ஓக்,
நான்கு வருடம் கொட்டகையில் உலர்ந்தது.
ஹாவிக் பட்டறையில் அதை அறுத்தபோது
உள்ளே ஒரு துப்பாக்கிக் குண்டு,
யாரோ எப்போதோ எதற்கோ குறி தவறியது.
ரம்பத்தின் இரண்டு பல் போயிற்று.
அந்தப் பலகையைப் பின்புறம் வைத்தேன்.

அக்டோபரில் லாரி போய் நின்றது.
வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்தான் இருந்தது,
பெரியது.
"எஃபி?"
"டன்பாரில் இருக்கிறாள்."
கடலோர ஊர். அதற்குமேல் அவன் சொல்லவில்லை.
நானும் திருகாணிகளை எண்ண ஆரம்பித்தேன்.

சும்மா இருக்க முடியவில்லை.
"அடியில் பீடம் கட்டி உயர்த்தலாம்.
அரை நாள் வேலை. பில்லில்கூடச் சேர்க்க மாட்டேன்."
அவன் மேடைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.
அதற்கே இடுப்பை மடக்க வேண்டியிருந்தது.
"வரைபடத்தில் என்ன போட்டிருக்கிறது?"
"எண்பத்து நான்கு."
"அப்படியே இருக்கட்டும்."

நான்கு நாள். தினமும் எனக்குத் தேநீர் போட்டுத் தந்தான்,
கீழே விழுந்த எதையோ தேடுபவனைப் போல வளைந்து.
நாய் பொந்தை முகர்ந்துவிட்டு
வாசற்கதவருகிலேயே போய்ப் படுத்தது.
கடைசி நாள், அவரை எந்த அறையில் என்று கேட்டான்.
நோட்டைக் காட்டினேன்.
அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தான்,
அளவு சரிபார்ப்பவனைப் போல.
கிழித்துக் கொடுத்துவிட்டேன். என்னிடம் இனி அது எதற்கு?
கணக்கை மறுநாளே தீர்த்தான். அப்படி யாரும் தீர்ப்பதில்லை.

பிப்ரவரியில் போன் வந்தது.
"மோர்வன்தானே? எஃபி பேசுகிறேன்."
சின்ன ஃப்ளாட்டாம். சமையலறை என்று ஒரு மூலையாம்.
ஓர் அலமாரி, அதன்மேல் ஒரு மேடை, அவ்வளவுதான்.
அவள் சொல்லும் முன்பே பென்சில் எட்டு போட்டுவிட்டது.
"அதே எண்பத்து நான்குதானே?"
அந்தப் பக்கம் கடற்காகங்களின் கூச்சல் மட்டும்.
பிறகு, "தொண்ணூற்றாறு" என்றாள்.
"உங்கள் முழங்கைக்கு மேலே போகுமே!"
"முக்காலி ஒன்று வாங்கிக்கொள்கிறேன்."

எட்டை அடித்துவிட்டு எழுதினேன்.
அளவெடுக்க இந்த வாரக் கடைசியில் வரட்டுமா என்றேன்.

"சனி வாருங்கள்" என்றாள்.
"ஞாயிறு மட்டும் வேண்டாம்."