பின்னோட்டத் தடுப்பு

படிவத்தின் மூன்றாம் பக்கம்:
‘நாளொன்றுக்கு எத்தனை கேலன் அழுக்குநீர் வெளியேற்றுவீர்கள்?’
வெர்னா ப்ரெஸ்கார் அந்தக் கட்டத்தில்
ஒரு கேள்விக்குறி போட்டு
என் மேசையில் வைத்தாள்.
வெளியே, வடக்கு மினசோட்டாவில்,
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு பாகை.

ஊரிடம் எவ்வளவு அழுக்கு இருக்குன்னு
எனக்கெப்படித் தெரியும் என்றாள்.
மதிப்பீடு போதும் என்றேன்.
பதினேழு வருடமாக இந்த நாற்காலியில்
மதிப்பீடு போதும் என்றுதான் சொல்லிவருகிறேன்.

மூடிப்போன வீடியோ கடை அது.
சுவரில் இன்னும் ‘திகில்’, ‘குடும்பம்’ என்று
அலமாரிப் பெயர்கள்.
திகிலுக்குக் கீழே தொடங்கி
இருபது இயந்திரங்களுக்குச் சாக்கட்டியால் கோடு.
நான் கட்டண அட்டவணையை விரித்தேன்.
ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இணைப்புக் கட்டணம்,
ஒரே தடவை, முன்பணமாக.
காலணி நுனியால் கோடுகளை அழிக்கத் தொடங்கினாள்.
பதினெட்டு.
பதினைந்து.
பன்னிரண்டில் நின்று என்னைப் பார்த்தாள்.
நான் அட்டவணையைப் பார்த்தேன்.
பதினொன்று.

காசு தண்ணீராய் ஓடுது என்றாள்.
தண்ணீர் அப்படி ஓடாது, அதற்கு மீட்டர் உண்டு
என்று நான் சொன்னதை
இன்றுவரை அவள் மன்னிக்கவில்லை.

நூல்பிசிறு பிடிக்கும் தொட்டி, கொதிநீர் ஆறும் தொட்டி,
மாதிரி எடுக்க மூடியோடு ஒரு குழி,
இரண்டங்குல மீட்டர்,
பின்னோட்டத் தடுப்பு வால்வு.

கடைசிப் பெயரில் விரல் வைத்தாள். இது எதுக்கு?

எங்கோ ஒரு தீயணைப்பு வண்டி
ஒரே மூச்சில் நீரை உறிஞ்சும்.
குழாயில் அழுத்தம் விழும்.
அந்தக் கணத்தில் உன் சோப்புத் தண்ணீர்
வந்த வழியே திரும்பப் பார்க்கும்,
தெருமுனையில் யாரோ காபிக்குப் பிடிக்கும் கெண்டிவரை.
கொடுத்த நீரை ஊர் திரும்ப வாங்காது.
அவ்வளவுதான் சட்டம்.

சொல்லிவிட்டேன்.
ஆனால் எங்கள் ஊர் குடிப்பது எதை?
கைவிட்ட இரும்புச் சுரங்கத்தை.
பம்புகளை நிறுத்திய வருடம்
ஊற்று ஏறி ஏறி
ஏணியை, தண்டவாளத்தை, எடுக்க மறந்த ஒரு லாரியை மூடி
நீலமாகி நின்றது.
கோப்பில் அதன் பெயரை நீராதாரம் என்று மாற்றினோம்.
வெர்னாவின் அப்பா அதைத் தோண்டியவர்களில் ஒருவர்.
‘அவர் சட்டைச் செம்மண் எப்பவோ உங்க குழாயில ஏறியாச்சு’ என்றாள்.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

முதல் சோதனையில் வால்வு சுவரை ஒட்டியிருந்தது,
கை நுழையவில்லை. தோல்வி.
இரண்டாவதில் தொட்டிக்குச் சான்றிதழ் இல்லை.
ஹெய்க்கிலா எனக்குத் தண்ணி காட்டுறான் என்று
ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.
சம்பளமே அதற்குத்தானே வாங்குகிறேன்.

மார்ச்சில் மூன்றாவது.
அழுத்தமானியைப் பூட்டி
இரண்டாம் அடைப்பை மூடினேன்.
முள் இறங்கியது.
ஏழில் நின்றது.
நின்ற இடத்திலேயே நின்றது.
ஒரு முள்ளுக்காக இரண்டு பேர் மூச்சைப் பிடித்திருப்பது
வெளியிலிருந்து பார்க்க எப்படியிருக்குமோ தெரியாது.

கருவியைக் கழற்றும்போது
மிச்சமிருந்த அழுத்தம் என் மேல் பீய்ச்சியது,
கழுத்திலிருந்து இடுப்புவரை.
அவள் சிரிக்கவில்லை. கையை நீட்டி
கோட்டை வாங்கி
பதினொன்றாம் இயந்திரத்தில் போட்டாள்.
பிறகு அதே கையை மறுபடி நீட்டினாள்:
மூன்று டாலர் இருபத்தைந்து.
ஒரே தடவை, முன்பணமாக.

பனியனோடு ‘குடும்பம்’ பலகைக்கடியில் உட்கார்ந்து
வட்டக் கண்ணாடியைப் பார்த்தேன்.
நான் சுரங்கத்தில் இறங்கியவனில்லை,
மேசையில் இருப்பவன்.
தண்ணீர் சாம்பலாகி, பிறகு கறுத்தது.
இவ்வளவு எங்கிருந்து?

வெர்னா படிவத்தை எடுத்து
கேள்விக்குறியை அடித்து
ஓர் எண் எழுதினாள்.
எப்படிக் கணக்கிட்டாய் என்று
நான் கேட்டிருக்க வேண்டும்.
முத்திரையைத் தேடினேன்.
அது கோட்டுப் பையில் இருந்தது.