ஒன்றாம் பக்கேஜ்

மட்டக்குளியில், ஆறு கடலுக்குள் விழுகிற இடத்துக்குக்
கொஞ்சம் உள்ளே அந்தப் பட்டறை.
பைபர் தூள் மூக்கில் அரித்தது.
பூசைக்கு உடுத்த சேலையோடு பிரிஸ்கா
கவிழ்த்து வைத்த ஓடமொன்றில்
கைக்குட்டை விரித்து உட்கார்ந்தாள்.

கிஹான் நீட்டிய அட்டையில்
மூன்று கட்டம், மூன்று விலை.
ஒன்று: பதினாலு அடி உடம்பு, பதினைந்து குதிரை எஞ்சின்,
துடுப்பு ரெண்டு, நங்கூரம். வெள்ளை மட்டும்.
இரண்டுக்குக் கூரை, மெத்தை, தூண்டில் செருகும் குழாய்,
கோப்பை வைக்க நாலு வட்டம்;
நீலமும் கிடைக்கும்.
மூன்றில் மீனைக் காட்டும் திரை,
பிடித்ததை உயிரோடு வைக்கத் தொட்டி,
சத்தமில்லாமல் முன்னால் இழுக்கும் கரண்ட் மோட்டர்,
இன்னும் என்னவோ பொடி எழுத்தில்.

"எனக்கு ஒன்றும், அந்தத் தூண்டில் குழாயும்."
"அப்பிடி ஏலாது அண்ணே. செட்டாத்தான்."
தேத்தண்ணிக் கடையில் தட்டு நிறைய ரோல்ஸும் பற்றீஸும் வைப்பான்,
தின்றதற்குத்தான் காசு.
இது அந்தத் தட்டு இல்லை.

என் தொழில் லிப்ட் திருத்துவது.
பத்தொன்பது வருடம்
கொள்ளுப்பிட்டியிலும் வெள்ளவத்தையிலும்
கிணறு மாதிரி இருட்டுக்குள்
மேலே போனேன், கீழே வந்தேன்.
ஒரு தரமாவது
பக்கவாட்டில் போக வேண்டும்.

வேறு காரணம் கேட்பவர்களுக்குக்
கொடுவா என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
அது பொய்யுமில்லை.
வற்று ஏறும் நேரம் பாலத்துத் தூணடியில்
அது வாலால் அடிக்கிற சத்தம்
பஸ்ஸுக்குள் இருந்தே எனக்குக் கேட்கும்.

மூன்றாம் பக்கேஜின் திரையைக் கிஹான் போட்டுக் காட்டினான்.
கறுப்பில் பச்சைப் புள்ளிகள், ஆழம் மீற்றரில்.
சிவப்பு எண் மாறுவதையே பார்த்து நிற்கும்
லிப்ட் சனம் ஞாபகம் வந்தது.
எங்கே நிற்கிறதென்று தெரிந்துவிட்டால்
ஒருவரும் ஒருவரோடும் பேசுவதில்லை.
வேண்டாம் என்றேன்.
விலையைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று அவன் நினைத்தான்.
அதுவும் சரிதான்:
சீட்டு விழுந்தது ஆறரை இலட்சம்,
ஓவர்டைம் மூன்று.
ஒன்றாம் பக்கேஜ் ஒன்பதரை.
யாரோ என் பொக்கற்றுக்குள் கைவிட்டு
எண்ணிப் பார்த்து அச்சடித்த மாதிரி.

ஓடத்தின் பின்பலகையில் ஒரு தகடு.
நாலு பேர், முந்நூற்றிருபது கிலோ.
நான் முழங்காலில் இருந்து அதைத் தடவினேன்.
ஆணி ஆடவில்லை.
எண்ணைச் செதுக்கியிருந்தான், ஒட்டவில்லை.
இந்த ஆளிடம் வாங்கலாம்.

அப்போதுதான் பிரிஸ்கா எழும்பினாள்.
அதுவரை அட்டையை அவள் கையில் எடுக்கவுமில்லை.
"ஒன்றுக்குள்ள என்ன இல்லை?"
கிஹான் கூரை என்றான், மெத்தை என்றான்.
"அதில்லை. விழுந்தால்?"
அவன் தலையைச் சொறிந்து
மூன்றாம் கட்டத்துப் பொடி எழுத்தில் விரல் வைத்தான்.
லைப் ஜக்கட், ரெண்டு.
மீன் எங்கே என்று தெரிந்தவனுக்குத்தான்
மிதக்கவும் உரிமை.

நான் பேசாமல் நின்றேன்.
என் இடுப்புப் பட்டியின் கொக்கியைத்
தினமும் காலையில் அவள்தான் இழுத்துப் பார்ப்பாள்.

அட்வான்ஸைக் கட்டிவிட்டுப்
புறக்கோட்டைக்குப் போனோம்.
வலையும் கயிறும் விற்கிற மூன்று கடை ஏறி இறங்கி,
நாலாவதில் அவள் தையலை இழுத்துப் பார்த்து,
விசிலை ஊதிப் பார்த்து,
சந்தைக் காசில் மிச்சம் பிடித்ததை
சுருக்குப் பையிலிருந்து எடுத்து எண்ணினாள்.
செம்மஞ்சள், ரெண்டு.

திரும்பும் பஸ்ஸில் இருக்க இடமில்லை,
பிடித்துக்கொண்டு நிற்கவும் கையில்லை.
பூசைச் சேலைக்கு மேல் அவள் அதைப் போட்டுக்கொண்டாள்,
வாரையும் இறுக்கினாள்.
கண்டக்டர் டிக்கற் கிழிக்காமல் பார்த்தான்.
"எங்க அக்கா, வெள்ளமா?"
"இன்னும் இல்லை" என்றாள்.
என்னுடையதையும் என் தலைவழியே மாட்டினாள்.