சாவியை விட்டதும்

திருகிப் பிடித்திருக்கும்வரை உறுமுகிறது.
சாவியை விட்டால் செத்துவிடுகிறது.
பதினேழு முறை. எண்ணினேன்.

பெட்ரோல் வருகிறது, மூக்கே சாட்சி.
பிளக்கில் பொறி நீலம்.
பாட்டரி போன மாதம் வாங்கியது, கடனில்.
டெல்மர் வேலிக்கு அப்பால் நின்று
“கார்புரேட்டர்” என்கிறார்.
அவருக்கு எல்லாமே கார்புரேட்டர்தான்,
முட்டிவலிகூட.

வடக்கு டகோட்டா, மார்ச்.
ஸ்பேனர் விரலோடு ஒட்டும் குளிர்.
எழுபத்துநாலாம் வருஷத்து டாட்ஜ்,
லுண்டே வீட்டு ஏலத்தில் இருநூறு டாலர்.
அதன் வயர்களில் பாதி
எங்கே போகிறதென்று அதற்கே தெரியாது.

ஒன்றைப் பிடித்துக்கொண்டே போனேன்.
இன்ஜினுக்குப் பின்னால், தகரச் சுவரில்
ஒரு வெள்ளைப் பீங்கான் கட்டி.
பேர் தெரியவில்லை.
முதுகில் மயிரிழை விரிசல்.
சாவியைப் போட்டு விளக்கை வைத்தேன்:
இந்தப் பக்கம் எரிந்தது,
அந்தப் பக்கம் இருட்டு.

இதை எங்கோ பார்த்திருக்கிறேனே!

அடுப்படி மேஜையில்,
வங்கிக் கடிதங்கள் பறக்காமலிருக்க
நான் வைத்திருக்கும் பாரம்.
வண்டி வாங்கிய அன்று
டாஷ்போர்டு பெட்டியில் கிடந்தது,
கந்தலில் சுற்றி.
கந்தலில் லுண்டேயின் பேனா எழுத்து:
“வேண்டியிருக்கும்.”
கந்தலைத்தான் முதலில் எறிந்தேன்.

கடிதங்கள் தரையெல்லாம் சிதற
எடுத்துக்கொண்டு ஓடினேன்.
இரண்டு ஸ்க்ரூ.
திருகினேன். விட்டேன்.

டெல்மர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்,
வாய் அசைந்தது.
ஒன்றும் கேட்கவில்லை.