மூக்கையூரில் விழுந்த துணி

கடலுக்கும் வானுக்கும் ஒரே பீரங்கி.
கேட்கச் சிக்கனம்தான்.

தாழ்த்தி வைத்தபோது
மூன்று மைலில் மிதந்த தெப்பத்தை
நாலாவது குண்டிலேயே பிளந்தது.
பலகைகள் ஏர்வாடிப் பக்கம் ஒதுங்கின.

நிமிர்த்தினால் வேறு பிறவி.
குழல் மேலே ஏற ஏற
பின்புறம் தளத்துக்குள் இறங்கும்.
அந்தக் குழியில் குனிந்து
கப்பல் ஆட்டத்துக்கு எதிராக
இருபத்தைந்து கிலோவை ஏந்தித் தள்ளணும் ஜெபஸ்தியான்.
திரியில் நொடி வைப்பது நான்:
பதினொன்று, பத்தரை, பத்து.
திருகி முடிப்பதற்குள்
விமானம் அந்த நொடியைத் தாண்டிவிடும்.

அது இழுத்துப் போன சிவப்புத் துணிக்குப் பின்னால்
கரும்புகை மொட்டு மொட்டாய் வெடித்தது,
எல்லாமே நாலு பனைத் தூரம் பிந்தி.

கயிறறுந்து துணி விழுந்தது மூக்கையூர்க் கரையில்.
எடுத்துவர என்னை அனுப்பினார்கள்.
வலை பொத்திக்கொண்டிருந்த சந்தியாகு
வெயிலுக்கு எதிரே அதைப் பிடித்து
முழம் முழமாய்த் தடவினார்,
கண்ணி எண்ணிப் பழகிய விரல்.
"ஒரு ஓட்டை இருக்குய்யா."
மடித்துக் கையில் தரும்போதுதான் சொன்னார்,
"அது கருவ முள்ளு கிழிச்சது."

கப்பலுக்குத் திரும்பி
ஒன்று என்றேன் லெப்டினன்டிடம்.
குறித்துக்கொண்டார்.
முள்ளைப் பற்றி அவர் கேட்கவில்லை.