வேறொருவர்

பிப்ரவரி. அதிகாலை நாலு பத்து.
ஃப்லாட்டேரி மீன்கூடத்தில்
பதினோரு டன் காட் மீன் பனிக்கட்டியில் படுத்திருக்கிறது.
எடைப்பட்டை நகரவில்லை.

எடை போடும் நிரல் பிறந்தபோது
நான் மூன்றாம் வகுப்பு.
அது குடியிருந்த கணினிகள் ஒவ்வொன்றாய்ச் செத்தன.
இப்போது சர்வருக்குள் ஒரு பொய்க் கணினி கட்டி
அதற்குள் வைத்திருக்கிறோம்.
அதற்குத் தெரியாது.
தன் வட்டு இன்னும் சுழல்வதாகவே நம்புகிறது.
வட்டாவது ஒன்றாவது. அது ஒரு கோப்பு,
நாற்பது கிகாபைட், ஒரு பெயர், ஒரு தேதி.

அந்தக் கோப்பைத்தான் திறக்க முடியவில்லையாம்.
"வட்டை அணுக இயலவில்லை.
வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்."

ஊரே போர்த்திக்கொண்டு தூங்கும் இந்நேரத்தில்
யாரப்பா அந்த வேறொருவர்?

தோர்க்ரிமுர் ரப்பர் பூட்ஸோடு வாசலில் நிற்கிறான்.
ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.
மூக்குப்பொடியைப் புறங்கையில் கொட்டி உறிஞ்சுகிறான்.
அவனுக்குப் பின்னால் போகுமிவா, கையுறையைக் கழற்றியபடி,
போலந்து வாடை வீசும் ஐஸ்லாந்து மொழியில்:
"நிற்கிற நேரத்துக்கும் கூலி உண்டா?"

இடம் இருக்கிறதா பார்த்தேன். இருக்கிறது.
அனுமதி? எல்லாம் என் பேரில்தான்.
வைரஸ் காவலனைக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னேன்.
பேக்கப் மூன்றரைக்கே வேலை முடித்துப் போயிருந்தது.
சேவையை நிறுத்தி எழுப்பி மறுபடி நிறுத்தி
கடைசியில் சர்வரையே அணைத்தேன்.
விசிறிகள் ஓய்ந்த அந்த ஒன்றரை நிமிடம்
சுவருக்கு வெளியே கடல் கேட்டது.
எழுந்து வந்தது. அதே வாக்கியம்.
முற்றுப்புள்ளிகூட இடம் மாறவில்லை.

கோப்புக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கோப்புறை:
பூட்டு.

"அதை அழித்தால் திறக்குமா?"
திறக்கும்.
"பிறகென்ன, சோல்ரூன்?"
பிறகா,
உள்ளே நிஜமாகவே யாராவது இருந்தால்
இரண்டு கைகள் ஒரே தாளில் எழுதும்,
அவர் வரிமேல் என் வரி,
என் வரிமேல் அவர் வரி.
இருபத்தாறு வருடத்துப் படகுகளும் எடைகளும்
கூழாகும்.

விரல் அழிக்கும் விசைமேல்தான் இருந்தது.
நிதானம் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அலுப்பு.
அலுப்பில்தான் அந்தப் பூட்டையே திறந்து வாசித்தேன்.
முக்கால்வாசி புரியாத எண்கள். நடுவில்,
பூட்டிய கணினியின் பெயர்:
ஸ்போயி.

வளைந்த நீள அலகுப் பறவை.
அது கூவினால் குளிர் முடிந்தது என்பார்கள் இங்கே.
என் லேப்டாப்புக்கு
நான் வைத்த பெயர்.

நேற்று மாலை,
போர்ச்சுகல் போகும் பெட்டிகளின் லேபிளில் ஓர் எழுத்துப் பிழை.
வெந்நீர்க் குளத்துக்குப் போகிற அவசரத்தில்
காரில் உட்கார்ந்தபடியே திருத்தினேன்.
மூடியைச் சாத்தினேன்.
அணைத்தேனா?

தன் முதுகு தனக்குத் தெரியாது.
என் முதுகு என் காரின் பின்னிருக்கையில்
அப்பளமாய் விறைத்த நீச்சல் துண்டுக்கு அடியில்
மைனஸ் ஒன்பதில் கிடந்தது.

கோட்டுக்குள் அணைத்து எடுத்து வந்தேன்.
மூடியைத் திறந்தால் ஆறு சதவீதம் உயிர்.
திருத்திய எழுத்துக்கு அடுத்து
இரவெல்லாம் எனக்காகக் காத்திருந்த கோடு
மறுபடி மினுக்கத் தொடங்கியது.
சேமித்தேன். சொல்லிக்கொண்டு வெளியேறினேன்,
விருந்துக்குப் போன வீட்டில் சொல்வதுபோல.
நாலு சதவீதம்.
பூட்டுக் கோப்புறை தானே காணாமல் போனது.

பட்டை முனகியது, நகர்ந்தது.
முதல் மீன்: நாலு கிலோ எழுநூறு.
போகுமிவா கையுறைக்குள் விரல்களை ஊதி நுழைத்தாள்.

"யார்தான் பூட்டியது?"
ஸ்போயி, என்றேன்.
தோர்க்ரிமுர் இருண்ட ஜன்னலைப் பார்த்தான்.
"அதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே."

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
வேறொருவர் என்று எழுதினேன்.
கீழே கையெழுத்து:
சோல்ரூன்.